சமூகத்தை இயற்பியல் முறைகளால் ஆராய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதர்களை அணுக்களாகப் பாவிப்பதுதானா இது?

இல்லை. தனி மனிதர் ஒருவர் நாளை என்ன செய்வார் என்று இந்தத் துறை சொல்ல முயல்வதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் பார்த்து, பின்பற்றி, விலகி நடக்கும்போது கூட்டாக என்ன வடிவம் எழுகிறது என்பதே அதன் கேள்வி. பலூனுக்குள் எந்த மூலக்கூறு எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். மூலக்கூறின் விவரங்களில் பெரும்பாலானவை கூட்டிப் பார்க்கும்போது அடிபட்டுப் போகின்றன. மனிதர் விஷயத்தில் எந்த விவரம் அடிபடும், எது அடிபடாது என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. அடிபடாத ஒன்றை அடிபட்டதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் பிழைகளைப் பற்றியதே.

இது புதிய துறையா?

பெயர் பழையது. பெல்ஜிய வானியலாளர் அடால்ஃப் கெத்தலே 1835இல் வெளியிட்ட நூலின் துணைத் தலைப்பிலேயே ‘சமூக இயற்பியல்’ இருக்கிறது. அதே சொல்லைப் பயன்படுத்திவந்த பிரெஞ்சு மெய்யியலாளர் ஒகுஸ்த் கோந்த் பிறகு அதை விட்டுவிட்டு ‘சோசியாலஜி’ என்ற சொல்லுக்கு மாறினார். பலருக்குத் தெரியாத ஒன்று: வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவலை மேக்ஸ்வெல் 1860இல் வெளியிடும் முன்பே, கெத்தலேயின் கணக்குகளைப் பற்றி ஜான் ஹெர்ஷல் எழுதிய மதிப்புரையைப் படித்திருந்தார். மனிதரை மொத்தமாக எண்ணும் பழக்கம் முந்தியது. மூலக்கூறை அப்படி எண்ணியது பிந்தியது.

இன்றைய வடிவம் 1970கள், 80களில் உருவானது. இயற்பியலாளர் செர்ஜ் கலாம் இருவரோடு சேர்ந்து 1982இல் எழுதிய கட்டுரை அதில் ஒரு மைல்கல். பொருளியலுக்குள் நுழைந்த கிளைக்கு ‘எகனோபிசிக்ஸ்’ என்ற பெயரை இயற்பியலாளர் யூஜின் ஸ்டேன்லி 1995இல் கொல்கத்தா மாநாட்டில் வைத்தார்.

கருத்து பரவுவதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஓர் எளிய உதாரணம் வேண்டும்.

காகிதத்திலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு கலாமின் பெரும்பான்மை விதி. மக்களைத் தற்செயலாக மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் பேசி, பெரும்பான்மைக் கருத்தை மூவருமே ஏற்கிறார்கள். பிறகு கலைந்து மீண்டும் புதிய குழுக்கள். ஒரு கருத்தின் பங்கு ‘ப’ என்றால், ஒரு சுற்றுக்குப் பின் அது 3ப² − 2ப³ ஆகும். 55 விழுக்காட்டில் தொடங்குங்கள்: 57.5, 61.1, 66.4, 73.7, 82.9, 92.3, 98.3, 99.9. எட்டே சுற்றில் எதிர்க்கருத்து அநேகமாக மறைந்துவிடுகிறது. இதில் 50 விழுக்காடுதான் நீர்ப்பிரிமேடு: அதற்கு மேலே தொடங்கும் கருத்து வெல்லும், கீழே தொடங்குவது மறையும்.

இப்போது குழுவை நால்வராக்குங்கள். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் ‘இருப்பதே இருக்கட்டும்’ என்று பழைய நிலைக்குச் சாய்கிறார்கள் என வையுங்கள். மாற்றம் வேண்டுவோர் பங்கு 4ப³ − 3ப⁴ ஆகிறது. 70 விழுக்காட்டினர் மாற்றம் கேட்டுத் தொடங்கினாலும் வரிசை இப்படிப் போகும்: 65, 57, 42, 20, 3. நீர்ப்பிரிமேடு 50இலிருந்து சுமார் 77 விழுக்காட்டுக்கு நகர்ந்துவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, வற்புறுத்தவும் இல்லை. சமநிலை வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்ற சின்ன வழக்கம் மட்டுமே மாறியது. இது உண்மைச் சமூகத்தின் படம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். குழு அளவு, சமநிலை வழக்கம் ஆகிய இரண்டும் அடிபடாத விவரங்கள் என்று காட்டுவதே இந்தக் கணக்கின் பயன்.

சராசரி மனப்போக்கு தெரிந்தால் போதாதா?

போதாது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் கொடுத்த உதாரணத்தை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். 100 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் எண்: எத்தனை பேர் கலவரத்தில் இறங்கினால் நானும் இறங்குவேன் என்பது. எண்கள் 0, 1, 2 என்று 99 வரை. 0 உள்ளவர் தானாக இறங்குகிறார், அவரைப் பார்த்து 1, அவர்களைப் பார்த்து 2. கடைசியில் 100 பேரும் தெருவில். இப்போது 1 என்றிருந்தவரின் எண்ணை 2 ஆக்குங்கள். ஒருவர் மட்டுமே இறங்குவார். சங்கிலி அங்கேயே அறுந்தது. சராசரி 49.50இலிருந்து 49.51 ஆனது, அவ்வளவுதான். இரண்டு கூட்டங்களையும் கருத்துக்கணிப்பில் பிரித்தறியவே முடியாது.

ஆகவே பரவலின் முழு வடிவம் வேண்டும். குறிப்பாகக் குறைந்த வாசல் எண் உள்ளோரின் பக்கம்.

வாக்காளர் மாதிரி என்று ஒன்று சொல்கிறார்களே?

ஒருவரைத் தற்செயலாக எடு. அவருடைய அண்டையரில் ஒருவரைத் தற்செயலாக எடு. அந்த அண்டையரின் கருத்தை முதலாமவருக்குக் கொடு. முழு விதியும் இதுதான். பெயர் அப்படி இருந்தாலும் தேர்தலுக்காக அது உருவாகவில்லை. 1970களில் கணிதவியலாளர்கள் கட்டியது. ஒரு பரிமாணக் கோட்டிலும் இரு பரிமாணக் கட்டத்திலும் முடிவில் ஒருமித்த கருத்து வந்தே தீரும். முடிவில்லாத முப்பரிமாணக் கட்டத்தில் வராது. இரு பரிமாணத்தில் ஆகும் காலம், ஆள் எண்ணிக்கையை அதன் இயல்மடக்கையால் பெருக்கிய அளவில் வளரும். அதனால் 100×100 கட்டத்துக்கே பல்லாயிரம் சுற்றுகள் வேண்டும் (ஒரு சுற்று என்பது சராசரியாக ஆளுக்கு ஒரு முறை). ஆயிரம் சுற்றில் நிறுத்திவிட்டு ‘கருத்துகள் நிலையாகப் பிரிந்து நிற்கின்றன’ என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை.

இன்னொரு நுணுக்கம். அண்டையர் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும் வலையமைப்பில், முதலில் கேட்பவரை எடுப்பதும் முதலில் சொல்பவரை எடுப்பதும் ஒன்றல்ல. கேட்பவரை முதலில் எடுத்தால், தொடர்பு அதிகம் உள்ளவரின் கருத்துக்கு எடை கூடுகிறது. சொல்பவரை முதலில் எடுத்தால் அது தலைகீழாகிறது. நிரலில் ஒரு வரி இடம் மாறினால் முடிவே மாறும். உங்கள் கட்டுரையில் இந்த வரிசையை வெளிப்படையாக எழுதுங்கள்.

இசிங் மாதிரியைப் போட்டால் ‘சமூக வெப்பநிலை’ கிடைக்குமா?

இசிங் மாதிரி என்பது, காந்தத்தில் அணுக்கள் தம் அண்டை அணுக்களுக்கு ஏற்ப இரண்டு திசைகளில் ஒன்றில் திரும்புவதற்கான கணக்கு; அதில் வெப்பநிலை என்பது இரைச்சலின் அளவு. ‘சமூக வெப்பநிலை’ என்ற சொல்லில் எச்சரிக்கை தேவை. ஒருவர் இரண்டில் ஒன்றைத் தேர்கிறார். அண்டையர் அழுத்தம் ஒரு பக்கம், அவருடைய சொந்தக் காரணங்கள் மறுபக்கம். நமக்குத் தெரியாத சொந்தக் காரணங்களை இரைச்சலாக எழுதினால் காந்தத்தின் சமன்பாடே வருகிறது. இரைச்சல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் சமூகம் ஏதாவது ஒரு பக்கம் உறைகிறது. கணிதம் சரிதான். ஆனால் அழுத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைத்தான் தரவிலிருந்து அளக்க முடியும். இரண்டையும் தனித்தனியாக அளக்க முடியாது. ‘வெப்பநிலை உயர்ந்தது’ என்பதும் ‘நட்பின் பிடி தளர்ந்தது’ என்பதும் தரவுக்கு ஒன்றே.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நண்பர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வது, ஒருவர் மற்றவரைப் பாதித்ததாலா, ஒரே மாதிரியானவர்கள் நண்பர்களானதாலா, இருவரும் ஒரே சூழலில் இருப்பதாலா? ஒரே தருணத்தில் எடுத்த தரவு மூன்றையும் பிரிக்காது. பொருளியலாளர் சார்ல்ஸ் மேன்ஸ்கி 1993இல் இதன் ஒரு வடிவத்தைப் ‘பிரதிபலிப்புச் சிக்கல்’ என்று விளக்கினார். காந்தத்தில் அணு தன் அண்டையைத் தானே தேர்ந்துகொள்வதில்லை, மனிதர் தேர்கிறார். எத்தனை அழகான சமன்பாடும் இதைத் தாண்டிச் செல்லாது. தற்செயலாக ஒதுக்கிய சோதனையோ, தொடர்பை வெளியிலிருந்து மாற்றிய இயற்கை நிகழ்வோ வேண்டும்.

என் சிமுலேஷன் ஒவ்வொரு முறையும் வேறு விடை தருகிறது. எங்கே தவறு?

தவறாகவே இருக்க வேண்டியதில்லை. கட்டத்தில் நடக்கும் வாக்காளர் மாதிரியை 60:40 என்று தொடங்கினால், 100 ஓட்டங்களில் ஏறக்குறைய 60இல் மட்டுமே பெரும்பான்மை வெல்லும். அதுவே சரியான விடை. ஓர் ஓட்டத்தின் படத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். குறைந்தது சில நூறு ஓட்டங்களை எடுத்து முடிவுகளின் பரவலைக் காட்டுங்கள். தற்செயல் எண்ணின் தொடக்க விதையைக் குறித்து வையுங்கள்.

பரவல் சரியாக வந்த பிறகும் மூன்றைச் சோதியுங்கள். முதலாவது, எல்லோரும் ஒரே நொடியில் மாறுகிறார்களா, ஒவ்வொருவராகவா? நோவாக்கும் மேயும் 1992இல் கைதியின் இக்கட்டை (ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று இருவர் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு) கட்டத்தில் ஆடவைத்து, ஒத்துழைப்பு நிலைத்து நிற்பதைக் காட்டினார்கள். மறு ஆண்டே ஹூபர்மனும் கிளான்சும், ஆட்களை ஒவ்வொருவராகப் புதுப்பித்தால் அந்த ஒத்துழைப்பு அழிந்துவிடுவதைக் காட்டினார்கள். மனிதர் கடிகார மணிக்கு ஒருசேர மனம் மாறுவதில்லை. எனவே காரணமின்றி ஒருசேரப் புதுப்பிக்காதீர்கள். இரண்டாவது, அளவு. 100 பேரில் நிலைமாற்றம்போல (நீர் உறைவதுபோன்ற திடீர் மாற்றம்) தெரிவது 10,000 பேரில் மெல்லிய சரிவாக இருக்கலாம், அல்லது இடம் மாறியிருக்கலாம். 1,000, 10,000, 1,00,000 என்று ஓட்டி, வளைவு கூர்மையாகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ஓரம். கட்டத்தின் விளிம்பில் இருப்பவருக்கு அண்டையர் குறைவு. வலது ஓரத்தை இடதோடும் மேலதைக் கீழதோடும் ஒட்டிவிட்டால் அந்த வேறுபாடு போய்விடும்.

கூட்ட நெரிசலை இந்த முறையில் கணிக்க முடியுமா?

இந்தத் துறை உயிர் காக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஹெல்பிங், மோல்னார் இருவரும் 1995இல் ‘சமூக விசை’ மாதிரியைக் கொடுத்தார்கள். ஒருவர் தான் விரும்பும் வேகத்தை அடைய முயல்கிறார் (சராசரி நொடிக்கு 1.34 மீட்டர்; அதை எட்ட எடுக்கும் காலம் சுமார் 0.5 நொடி). பிறரும் சுவரும் அவரை விலக்குகிறார்கள். நெரிசலுக்காக ஹெல்பிங், ஃபார்கஷ், விச்செக் 2000இல் சேர்த்த அளவுருக்கள் பரவலாகப் பயன்படுகின்றன: நிறை 80 கிலோ, விலக்கும் விசை தொடுநிலையில் 2,000 நியூட்டன், ஒவ்வொரு 0.08 மீட்டர் இடைவெளிக்கும் 2.7இல் ஒரு பங்காகக் குறையும். உடல்கள் அழுந்தினால் மீள்விசை மாறிலி 1,20,000. உரசலுக்கு 2,40,000 (கிலோ, மீட்டர், நொடி அலகுகளில்).

இந்த எண்களை நிரலில் போடும் முன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். மீள்விசை மாறிலியை நிறையால் வகுத்தால் 1,500. அதன் வர்க்கமூலம் சுமார் 39. அதாவது, அழுந்திய உடல் ஒருமுறை அதிர 0.16 நொடிதான் ஆகிறது. நேரப் படியை 0.1 நொடி என்று வைத்தால் ஆட்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு பறப்பார்கள். உரசலையும் கணக்கில் எடுத்தால் 0.01 நொடிகூட அடர்ந்த கூட்டத்தில் போதாமல் போகலாம், 0.001இல் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள், வெளியேறும் நேரம் மாறாத வரை.

மாதிரி தந்த முக்கியமான முடிவு: அவசரம் கூடினால் வெளியேற்றம் மெதுவாகும். ஒற்றை வாசல் அறையில் விரும்பும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டியதும் வாசலில் உடல்கள் வளைவாகப் பூட்டிக்கொண்டு ஓட்டம் தடைப்படுகிறது. காரணம் உரசல். உரசல் உறுப்பை நீக்கிவிட்டால் இந்த விளைவு பெருமளவு போய்விடும்; உங்கள் நிரலைச் சோதிக்க இது நல்ல வழி.

குறையும் உண்டு. இதே எண்களின்படி, 1.34 மீட்டர் வேகத்தில் நடப்பவரின் உந்துதல் சுமார் 214 நியூட்டன். விலக்கும் விசை அதற்குச் சமமாவது 18 சென்டிமீட்டர் இடைவெளியில். சாதாரண நடையில் நாம் இவ்வளவு நெருங்கிய பிறகா விலகுகிறோம்? சில மீட்டருக்கு முன்பே விலகிவிடுகிறோம். காரமூசஸ், ஸ்கின்னர், கை ஆகியோர் 2014இல் நடைத் தரவுகளை அலசி, விலகலைத் தீர்மானிப்பது தூரமல்ல, ‘இப்படியே போனால் எத்தனை நொடியில் மோதுவோம்’ என்ற காலமே என்று கண்டார்கள். அந்தக் காலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இடைவினை குறைகிறது. சில நொடிகளுக்கு மேல் அநேகமாக இல்லை. திறந்தவெளி நடைக்கு இதையும், அழுந்தும் நெரிசலுக்கு முந்தையதையும் எடுங்கள். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் இரண்டும் பொய்க்கும்.

வடிவமைப்போருக்கு: ஒரு மீட்டர் அகல வாசலின் ஓட்டம் கையேடுகளில் நொடிக்கு 1.3 பேரை ஒட்டியும், சில ஆய்வகச் சோதனைகளில் 1.9 வரையும் வருகிறது. தொடக்க அடர்த்தியும் இடுக்கின் நீளமும் இதை மாற்றுகின்றன. திட்டமிடலுக்குக் குறைந்த எண்ணையே கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 6, 7 பேர் என்ற அடர்த்தியில் தனி மனிதருக்குத் தன் காலடி மேல் கட்டுப்பாடு இல்லை. கூட்டத்துக்குள் அழுத்த அலைகள் ஓடுகின்றன. அந்த நிலையில் ‘பீதி அடையாதீர்கள்’ என்ற அறிவிப்பால் பயனில்லை. தடுக்க வேண்டியது அதற்கு முன்பே, உள்வரும் ஓட்டத்தை நிறுத்தி.

போக்குவரத்து?

தொடக்கக்காரருக்கு இதுவே சிறந்த பயிற்சி; 30 வரி நிரல் போதும். நாகல், ஷ்ரெக்கன்பெர்க் 1992இல் தந்த விதி: சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாக வெட்டு. ஒரு படி ஒரு நொடி. வேகம் 0 முதல் 5 கட்டம். ஒவ்வொரு வண்டியும் (1) வேகத்தை ஒன்று கூட்டும், 5க்கு மேல் போகாது, (2) முன்னால் உள்ள காலிக் கட்டங்களைவிட வேகம் அதிகமானால் அந்த எண்ணுக்குக் குறைக்கும், (3) குறிப்பிட்ட நிகழ்தகவோடு (0.3 என்று வையுங்கள்) காரணமின்றி வேகத்தில் ஒன்று குறைக்கும், (4) நகரும். எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில். மேலே ஒருசேரப் புதுப்பிக்க வேண்டாம் என்றோம். இங்கே அது வேண்டும், ஏனெனில் எல்லா ஓட்டுநரும் உண்மையிலேயே ஒரே நேரத்தில்தான் ஓட்டுகிறார்கள்.

மூன்றாம் படிதான் உயிர். அது இல்லையென்றால் ஆறு கட்டத்துக்கு ஒரு வண்டி என்ற அடர்த்தி வரை தடையில்லா ஓட்டம். அதைச் சேர்த்தால் அதற்கும் குறைந்த அடர்த்தியிலேயே விபத்தோ தடையோ இல்லாமல் நெரிசல் பிறந்து பின்னோக்கி ஊர்கிறது. ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்களை ஓட்டி, 2008இல் வெளியிட்ட சோதனையில் இதை நேரிலேயே காட்டினார்கள்.

அடுக்கு விதி எங்கும் தெரிகிறதே, நம்பலாமா?

ஓர் அளவு பெரிதாகப் பெரிதாக அது காணப்படும் எண்ணிக்கை அந்த அளவின் ஒரு நிலையான அடுக்கில் குறைந்தால் அது அடுக்கு விதி; அந்த அடுக்கே அடுக்கெண். மடக்கைத் தாளில் நேர்கோடு தெரிகிறது என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். மடக்கை-இயல்நிலைப் பரவலும் (மதிப்புகளின் மடக்கை மணி வடிவில் அமைவது) இரண்டு மூன்று தசமப் படிகளுக்கு அச்சு அசலாக நேர்கோடுபோலத் தெரியும். பட்டை வரைபடத்துக்கு மீச்சிறு வர்க்க முறையில் கோடு போட்டு அடுக்கெண்ணைச் சொல்வது தவறான முறை. வால் பகுதியின் சில புள்ளிகள் கோட்டை இழுத்துவிடும்.

சரியான வழியைக் கிளாசெட், ஷலிசி, நியூமன் 2009இல் தொகுத்தார்கள். விதி எங்கிருந்து தொடங்குகிறது என்ற கீழ் எல்லையை முதலில் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு மதிப்பையும் அந்த எல்லையால் வகுத்து இயல்மடக்கை எடுத்துக் கூட்டுங்கள். மதிப்புகளின் எண்ணிக்கையை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து ஒன்று சேர்த்தால் அடுக்கெண். அதிலிருந்து ஒன்றைக் கழித்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை அளவு. பிறகு மடக்கை-இயல்நிலை போன்ற மாற்றுப் பரவல்களோடு ஒப்பிடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இம்முறையில் ஏறத்தாழ ஆயிரம் வலையமைப்புகளைப் புரோய்டோவும் கிளாசெட்டும் 2019இல் சோதித்தபோது, அடுக்கு விதிக்கு வலுவான சான்று கிடைத்தது 4 விழுக்காட்டில்தான்.

நகரங்களின் அளவு விதியும் இங்கேயே சேரும். பெத்தன்கோர் குழு 2007இல் சொன்னபடி, வருமானம், காப்புரிமை போன்றவை மக்கள்தொகையின் 1.15 அடுக்கை ஒட்டி வளர்கின்றன; நகரம் இரட்டித்தால் தலைக்கு 11 விழுக்காடு கூடுதல். ஆனால் நகரத்தின் எல்லையை நிர்வாகக் கோட்டில் வைப்பதா, வேலைக்குப் போய்வரும் வட்டத்தில் வைப்பதா என்பதைப் பொறுத்து அந்த அடுக்கெண் 1ஐ நெருங்கிவிடக்கூடும். எல்லையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் இந்த எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள்.

வருமான ஏற்றத்தாழ்வை வாயு மாதிரி விளக்குகிறதா?

பாதி. இருவர் சந்தித்து, மொத்தம் மாறாமல் பணத்தைத் தற்செயலாகப் பங்கிட்டால், இறுதியில் வருவது வாயுவில் ஆற்றலுக்கான போல்ட்ஸ்மன் பரவல்: தொகை கூடக் கூட, அதை வைத்திருப்போர் எண்ணிக்கை வேகமாகக் குறையும் வடிவம். சமமாகத் தொடங்கினாலும் ஜினி எண் (ஏற்றத்தாழ்வின் அளவு; 0 என்றால் முழுச் சமம்) 0.5இல் போய் நிற்கும். திரகுலெஸ்குவும் யாகோவென்கோவும் 2000 முதல் இதை வளர்த்தார்கள். அமெரிக்க வரித் தரவில் கீழுள்ள 97 முதல் 99 விழுக்காட்டினரின் வருமானம் இதே வடிவில் அமைவதையும், உச்சியில் பரேட்டோவின் அடுக்கு விதி தொடங்குவதையும் காட்டினார்கள். ஆட்சேபமும் நியாயமானதே: பணம் கைமாறுகையில் மொத்தம் மாறாது, செல்வம் அப்படியல்ல, அது உற்பத்தியாகிறது, அழிகிறது. ஒரே பரவல் பல வழிகளில் எழலாம் என்பதால், பொருந்துகிறது என்பது காரணத்துக்குச் சான்றாகாது.

தேர்தல் முடிவைச் சொல்ல முடியுமா?

யார் வெல்வார் என்பதற்கு நல்ல கருத்துக்கணிப்பே மேல். முடிவுகளின் வடிவத்தைச் சொல்வதில் இந்தத் துறைக்குப் பலன் உண்டு. விகிதாசாரத் தேர்தலில் ஒரு வேட்பாளரின் வாக்கை அவர் கட்சியின் சராசரி வேட்பாளர் வாக்கால் வகுத்தால், வெவ்வேறு நாடுகள், ஆண்டுகளின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை ஃபோர்த்துனாட்டோவும் காஸ்தெல்லானோவும் 2007இல் காட்டினார்கள். விதிமுறை மாறுபடும் நாடுகளில் அது படியாது.

எங்கிருந்து தொடங்குவது?

நிகழ்தகவும் அடிப்படைப் பைத்தானும் போதும். நிரல் எழுத வராதவர் இத்தகைய மாதிரிகளை ஓட்டும் மென்பொருளான நெட்லோகோவில் தொடங்கலாம். முதலில் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங்கின் குடியிருப்பு மாதிரி: 50×50 கட்டம், இரண்டு வகையினர், 10 விழுக்காடு காலி இடம். அண்டையரில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையினர் இல்லையென்றால் இடம் மாறுவர். இவ்வளவு மிதமான விருப்பமும் பெரும் பிரிவினையில் முடிவதைப் பார்ப்பீர்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு என்ற அந்த அளவை 0.1 முதல் 0.9 வரை சிறு படிகளில் மாற்றுங்கள்; உயர் முனையில் யாருக்குமே திருப்தியில்லாமல் எல்லோரும் ஓயாது நகர்ந்து, பிரிவினையே உருவாகாத நிலையையும் காண்பீர்கள். அடுத்தது மேலே சொன்ன போக்குவரத்து. மூன்றாவதாக உண்மைத் தரவு ஒன்று.

தரவுக்கு வரும்போது, எந்த மாதிரியையும் பொருத்தும் முன் ‘ஒருவரையொருவர் பாதிக்கவே இல்லை’ என்ற வெற்று மாதிரியைப் பொருத்துங்கள். உங்கள் மாதிரி அதைவிட எவ்வளவு கூடுதலாக விளக்குகிறது என்பதையே எழுதுங்கள். பாதித் தரவில் அளவுருவைக் கண்டு, தொடாத மறுபாதியில் சோதியுங்கள். அந்தச் சமூகத்தைக் களத்தில் ஆராய்ந்த சமூகவியலாளர் ஒருவரிடம், நிரல் எழுதுவதற்கு முன்பே விதிகளைக் காட்டுங்கள். ‘இப்படி யாரும் நடந்துகொள்ளமாட்டார்கள்’ என்று அவர் சொல்லும் வரி எதுவோ, முதலில் மாற்றிப் பார்க்க வேண்டிய வரி அதுதான்.